விளக்கெண்ணெய் கேட்ட இஞ்சின்

இடது கையால் பெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வலது கை ஆள்காட்டி விரலில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தேன். அந்த விரலால் விசிறியை ஒரு தட்டுத் தட்டினேன். இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரம் எண்ணெயாகத் துப்பியது. பிறகு என்ன நினைத்ததோ, கீச்சென்று ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றுவிட்டது.

"வந்துருச்சு, பாத்தீங்களா?" என்றேன்.

"வந்துச்சு. போயிருச்சு," என்றார் என் கணவர் கனகராஜ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எல்லைச் சாவடிக்கு மலையாளப் பக்கம் இருக்கிற பெருமாட்டியில், எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய சிமென்ட் களம் அது. தேங்காய்ப் பருப்பு காயவைக்கிற இடம். பிற்பகலானால் கணவாய்க் காற்று அங்கே பிய்த்துக்கொண்டு போகும். காயப் போட்டிருந்த பருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டு, அதன் நுனியில் இஞ்சினைத் திருகி வைத்திருந்தேன். அவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அந்த இஞ்சினுக்கும் நடக்கிற சண்டையில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போல முகத்தை வைத்திருந்தார்.

பொம்மை விமானத்தில் வைக்கிற இஞ்சின் அது. பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், மாதிரி விமானம் என்று சொல்ல வேண்டும். பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான். ஆனால் பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் எல்லாம் ஒழுங்காக உண்டு. சரியாக ஓடினால் பக்கத்துத் தோட்டத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. இஞ்சின், விமானம், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வரச் சொன்னதே என் கணவர்தான். சும்மாவே தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அதற்குள் அந்த இஞ்சினை ஓட வைத்து, அதன் சத்தத்தை என் கணவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன்.

ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் மலையேறி இறங்க வேண்டும். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

ஒரே இழுப்பு

நான் வண்டன்மேட்டுக்காரி. அப்பா ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதும் மற்ற நாளெல்லாம் காட்டுக்குப் போவதுமாக இருந்த குடும்பம். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற மெஷின்கள் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் அடுக்கியிருக்கும்.

மழை மாதத்தில் மஞ்சு மூட்டமாக இறங்கி எல்லாம் ஈரமாகிவிட்டால் அவற்றில் ஒன்றுகூட ஸ்டார்ட் ஆகாது. ஆண்கள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்துக் கெட்ட வார்த்தையில் இறங்குவார்கள். நான் பிளக்கைக் கழற்றி, அடுப்பு ஓரத்தில் சூடு காட்டி, துடைத்து மாட்டுவேன். பிறகு ஒரே இழுப்பு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், மெஷின் என் பேச்சைக் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் மெஷின் கம்பெனி மெக்கானிக் ஒருவர் கீழே சமவெளியிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, வகிடெடுத்த தலை. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஒரு மெஷினை அரை நாள் குடைந்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"ஏனுங்க, இதுக்குக் கார்புரேட்டரு போயிருச்சுங்க. மாத்தோணுமுங்க."

"ஒண்ணும் போகல. கொஞ்சம் நகருங்க," என்று நான் உள்ளே நுழைந்தேன். பிளக்கைச் சூடு காட்டினேன். இழுத்தேன். மெஷின் கொட்டகை அதிர ஓடியது.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார். "பேரென்னங்க?" என்றார்.

"மெஷின் பேரா, எம்பேரா?"

"மெசின் பேரு எனக்குத் தெரியுமுங்க," என்றார். வாய் மட்டும் அன்றைக்கே நன்றாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து மெஷின்கள் அடிக்கடி ரிப்பேர் ஆக ஆரம்பித்தன. கல்யாணப் பேச்சு எழுந்ததும் அவர்கள் வீட்டில் வேதக்காரப் பெண்ணா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் திருநீறு பூசுகிற பையனா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள், எங்கள் மகள் பிறந்ததும் இறக்கி வைத்தார்கள். பெருமாட்டி வீட்டில் சாமி அறை என் நாத்தனார் பூவாத்தாளின் பொறுப்பு. பக்கத்துத் தெருவிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். என் ஜெபமாலை என் அலமாரியில் இருக்கும். யாரும் யாரையும் மாற்றப் பார்க்கவில்லை. நாத்தனாருக்கு மட்டும் இந்த ரோஸ்லின் ஒரு நாள் தன் கையால் விளக்கேற்ற மாட்டாளா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது.

ஒவ்வொன்றாய்க் கை மாறியது

விமானப் பைத்தியம் அவருக்குக் கல்லூரியில் பிடித்தது. மாணவர் படையில் விமானப் பிரிவில் இருந்தபோது பால்சா மரத்தைச் சீவி ஒட்டிப் பழகியவர். கம்பியில் கட்டிப் பறக்க விடுகிற வகை. நடுவில் நின்று இரண்டு மெல்லிய கம்பிகளைக் கைப்பிடியோடு பிடித்துக்கொள்வார். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், அவரும் கூடவே சுற்றுவார். நல்லேப்பிள்ளியில் அறுவடை முடிந்த சொந்தக்காரர் வயல்தான் அவருடைய விமான நிலையம். விமானம் இறங்கியதும் தலை சுற்றி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "பயப்படுகிற வியாதி எதுவும் இல்லை. இது சும்மா வருகிற நடுக்கம். உயிருக்கு ஒன்றும் செய்யாது, முழுசாகப் போகவும் போகாது," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை.

யார் வீட்டிலும் காப்பி குடிப்பதை முதலில் விட்டார். தம்ளர் ஆடுவதை யாரும் பார்க்கக் கூடாதாம். பிறகு பைக்கைத் தங்கை மகனுக்குக் கொடுத்தார். மோட்டார் கொட்டகைச் சாவியை டிராக்டர் ஓட்டுகிற சுனிலிடம் கொடுத்தார். கடைசியில் விமானத்துக்கு வந்தார்.

"யாரோ ஒருத்தரு ஓட்டட்டும் புள்ள. இங்க கெடந்து துருப்புடிக்கறதுக்கு அது மேலு," என்றார்.

எனக்குப் பயம் வந்தது. நான் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. தோட்டத்தில் கரடியைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதர் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தால், எல்லாவற்றையும் கொடுத்த பிறகு அவரிடம் என்ன மிச்சமிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இதை அவரிடம் சொன்னால் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். ஆகவே வேறு விதமாகச் சொன்னேன்.

"ஓடாத இஞ்சினைத் தூக்கிக் குடுக்கிறது மரியாதையாங்க? வர்றவர் என்ன நினைப்பார்? ஓட வச்சுக் குடுப்போம்."

"என்ர கையில ஆகாது."

"எங்கையில ஆகும்."

"உன்னால ஆகாது ரோசி. இது மருந்தடிக்கற மெசினில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை விட்டிருப்பேன்.

தீப்பொறி இல்லை, பெட்ரோலும் இல்லை

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இதில் தீப்பொறி பறக்கிற பிளக் கிடையாது. இந்தப் பிளக்குக்குள் தலைமுடி போல ஒரு சுருள் கம்பி இருக்கும். பேட்டரியைத் தொட்டால் அது சிவந்து கனலும். விசிறியைத் தட்டி இஞ்சின் பற்றிக்கொண்ட பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம், ஓடுகிற சூட்டிலேயே கம்பி கனன்றுகொண்டிருக்கும். எரிபொருள் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு முள் தீர்மானிக்கிறது. முள்ளைத் திறந்தால் அதிகம் போகும், மூடினால் குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பெட்ரோல் இதற்கு ஆகாது. நாலு பங்கு மெத்தனால், ஒரு பங்கு விளக்கெண்ணெய். மெத்தனால் எரிவதற்கு, விளக்கெண்ணெய் பிஸ்டன் தேயாமல் வழுக்குவதற்கு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே நீராக நிற்கும்.

மெத்தனால் விஷம், வாயில் பட்டால் கண் போகும். கள்ளுக்கும் சாராயத்துக்கும் பேர்போன எங்கள் சித்தூர் தாலுகாவில் அந்தக் கேனோடு ஒரு மனிதன் சோதனைச் சாவடியைத் தாண்டுவது லேசான காரியமா? விமான சங்கத்துச் சீட்டு கையிலிருந்தும் ஒரு முறை அதிகாரி நிறுத்திவிட்டார். எதற்கு என்றார். விமானத்துக்கு என்று இவர் சொன்னார். "ஏது விமானம்?" என்று அவர் சிரிக்காமல் கேட்க, இவர் பைக்குள்ளிருந்து விமானத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். பறக்க விடுகிற நாளில் தன்னையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த மனிதர்.

மெத்தனால் பூட்டிய அலமாரியில் இருந்தது. விளக்கெண்ணெய்தான் தீர்ந்திருந்தது. முன்பெல்லாம் பொள்ளாச்சிக்குப் போய் அவரே வாங்கி வருவார். நான் ஒரு காலி பாட்டிலை எடுத்துச் சுனிலிடம் கொடுத்தேன். சுனில் நல்லேப்பிள்ளிக்காரன், மலையாளி. நாங்கள் தமிழில் பேசுவோம், அவன் மலையாளத்தில் பேசுவான், இத்தனை வருஷத்தில் ஒரு தகராறு வந்ததில்லை.

"சித்தூர் போறீல்ல? இதுல ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் வாங்கிட்டு வா."

"விளக்கெண்ணயோ?" என்று ஒரு தரம் கேட்டான். முகம் மலர்ந்தது. "ஆயிக்கோட்டே சேச்சி!" ஆகட்டும் அக்கா என்று அர்த்தம்.

எண்ணெய் வாங்கச் சொன்னதற்கு இவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

மணமே இல்லை

கலந்தேன். ஊற்றினேன். தட்டினேன். நடந்ததைத்தான் மேலே சொன்னேனே. எழுந்திருக்கும், எண்ணெயைத் துப்பும், கத்தும், நின்றுவிடும். புதுப் பிளக் மாட்டினேன். முள்ளைக் கழற்றி ஊதினேன். குழாயைக் கழுவினேன். டேங்கை மாற்றினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்தவளுக்கு விளக்கெண்ணெய் மட்டும் கண்ணில் படவில்லை.

கத்துகிற ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் தொட முடியாமல் கொதித்தது. இப்படியே போனால் பிஸ்டன் கடித்துக்கொள்ளும், அப்புறம் இஞ்சினைப் பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் பயன்படுத்த முடியும். இருந்தாலும் என் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஓடும், ஓடியே ஆக வேண்டும், அதற்கு என்ன வேண்டுமோ அது இன்னும் என் கையில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் நாத்தனாரின் போன் வந்தது.

"கண்ணு ரோசி, கேட்டதும் நெம்ப சந்தோசமாப் போச்சு. எப்பவோ ஒரு நாளு உனக்கா தோணுமுன்னு எனக்குத் தெரியும். நல்லா இரு சாமி."

"எதுக்கு மதினி?"

"அட, சொல்லவா வேணும்!" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இன்னொரு தரம் இஞ்சின் கத்தி நின்றது. நான் உள்ளே போய் ஆளுக்கு ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அவருக்குப் பாதி தம்ளர்தான் ஊற்றுவேன், ஆடினாலும் சிந்தாது. ஒரு வாய் குடித்துவிட்டுக் களத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"மணமே இல்ல புள்ள."

எனக்குச் சுரீர் என்றது. வண்டன்மேட்டிலிருந்து தம்பி அனுப்பிய பச்சை ஏலக்காய், கொதிக்கிற தேநீரில் தட்டிப் போட்டது. அதைப் போய் மணமில்லை என்று சொன்னால்?

"மூக்கும் போச்சா உங்களுக்கு? நாலு ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேன்!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். முன்பு என்றால் விட்டிருக்க மாட்டார். ஒரு சண்டையைக்கூட முடிக்காமல் பாதியில் விட்டுப் போகிற ஆளாகிவிட்டாரே என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

மேலே தண்ணீர், கீழே மஞ்சள்

சனிக்கிழமை காலையில் சமையலறை ஜன்னலில் வெயில் அடித்தது. கலந்து வைத்த பாட்டில் இரவெல்லாம் அந்த விளிம்பில் அசையாமல் நின்றிருந்தது. பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஒரு பாகம். அதற்கு மேலே தண்ணீர் போலத் தெளிவாக ஒரு பாகம். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது.

இருமல் மருந்தைக் குலுக்குவது போல ஒவ்வொரு தடவையும் நான் குலுக்கிக் குலுக்கி ஊற்றியிருக்கிறேன். குலுக்கினால் கலந்த மாதிரி இருக்கும். டேங்குக்குள் போனதும் எண்ணெய் கீழே இறங்கிவிடும். இஞ்சின் முதலில் அதைக் குடித்துத் துப்பும். பிறகு வெறும் மெத்தனாலைக் குடித்து, எண்ணெயே இல்லாமல் காய்ந்து கத்தும்.

விளக்கெண்ணெய் மெத்தனாலை விட்டுப் பிரியாது. பிரிந்தால் அது விளக்கெண்ணெய் இல்லை.

மூலப் பாட்டிலைத் திறந்து விரலில் ஒரு சொட்டு விட்டேன். விளக்கெண்ணெய் என்றால் விரலை விட்டு இறங்க மனசில்லாமல் நிற்கும். இது தண்ணீராக மணிக்கட்டு வரைக்கும் ஓடியது. மல்லிகை சென்ட் வாசம் வேறு அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மணமில்லை என்று சொன்னது தேநீரை இல்லை. விளக்கெண்ணெய் எரிகிற இஞ்சின் புகைக்கு ஒரு மணம் உண்டு, அதைத்தான் சொல்லியிருக்கிறார். மனிதர் பேப்பர் படிக்கவே இல்லை, மூக்கையும் காதையும் களத்திலேயே வைத்திருந்திருக்கிறார்!

எனக்கு எண்ணெய் மாறிப்போன கோபத்தைவிட இந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. இருந்தாலும் சுனிலைக் கூப்பிட்டேன்.

"என்ன எண்ணெய்டா வாங்குன?"

"சேச்சி பறஞ்ஞ விளக்கெண்ண தன்னே. விளக்கில் ஒழிக்குந்நது."

"விளக்குல ஊத்துறதா? நான் கேட்டது பேதிக்குக் குடிக்கிற எண்ணெய்!"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ! அது ஆவணக்கெண்ணயல்லே! ஞான் கருதி, சேச்சி விளக்கு வைக்கான் தொடங்கியென்னு…"

மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். ரோஸ்லின் சேச்சி விளக்கேற்ற ஆரம்பித்துவிட்டாள் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் பால் சொசைட்டியில் சொல்லியிருக்கிறாள். பால் சொசைட்டியில் சொன்னது நாத்தனாருக்குப் போகாமல் இருக்குமா? இஞ்சினுக்கு வாங்கிய ஒரு லிட்டர் எண்ணெயில் என் ஆன்மா பெருமாட்டி முழுக்கக் கரை சேர்ந்திருந்தது.

நேராக அவரிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் முழுசாகக் கேட்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நடுக்கம் என்று ஒரு நொடி பயந்துவிட்டேன். சிரிப்பு.

"வெளக்கெண்ணெய்க்கே வெளக்கெண்ணெ தெரீல!" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளை மந்தம் என்று திட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் நாலு தடவை சொன்னாலும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

சாவடிக்கு அந்தப் பக்கம்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரம் சாவடி தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனேன். முதலில் பார்த்த மளிகைக் கடையில் நிறுத்தி, "விளக்கெண்ணெய் குடுங்க," என்றேன்.

"கொழந்தைக்குங்களா, பெரியவங்களுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாவடிக்கு எங்கள் பக்கம் விளக்கில் ஊற்றுவது, அந்தப் பக்கம் வாயில் ஊற்றுவது. ஒரே பெயர். எல்லையில் லாரியை நிறுத்துகிறார்கள், கேனைத் திறந்து பார்க்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தை வேஷம் மாற்றிக்கொண்டு தாண்டுவதை யாரும் கவனிக்கவில்லை.

"இஞ்சினுக்கு," என்றேன். "ஒரு லிட்டர்." அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வியாபாரம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் இஞ்சினைச் சுத்தமான மெத்தனாலில் கழுவி எடுத்தேன். எண்ணெயில்லாமல் அத்தனை தடவை கத்தியிருக்கிறதே, உள்ளே என்ன ஆகியிருக்குமோ? நல்ல விளக்கெண்ணெய் நாலு சொட்டு விட்டு விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஓர் இடத்தில் கனத்தது, தாண்டும்போது 'டொப்' என்று துள்ளியது. காற்று கசியவில்லை. பிஸ்டன் பிழைத்திருந்தது. போயிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டேன்.

திட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. இயேசு மன்னிப்பார். அவரும் தச்சர் வீட்டில் வளர்ந்தவர், வேலை பாதியில் நின்றால் என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

காலையிலேயே களத்தில் பெஞ்சைப் போட்டேன். அவர் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் பேப்பர் இல்லை. டேங்கை நிரப்பினேன். முள்ளைத் திறந்தேன். காற்றுக் குழாயை விரலால் அடைத்து விசிறியை ஒரு சுற்றுச் சுற்றினேன், கலவை உள்ளே ஏறியது. பிளக்கில் பேட்டரியை மாட்டித் தட்டினேன்.

ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். விரலை ஓங்கி அடித்தது. அடிக்கிற இஞ்சின் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று தட்டினேன்.

பிடித்துக்கொண்டது. கொடகொடவென்று வெள்ளைப் புகையோடு, தொண்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஓடியது. கூடவே அந்த மணம் வந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கருகல். நல்லேப்பிள்ளி வயலில் அவர் சட்டையில் இருக்குமே, அதே மணம். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். நிற்கவில்லை.

பேட்டரியை எடுத்துவிட்டு, முள்ளைக் கொஞ்சம் மூடலாம் என்று முன்பக்கமாகக் குனிந்து கையை நீட்டினேன்.

"ஏய்ய்!"

களமே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"அறிவிருக்குதா உனக்கு? விசிறிக்கு நேரா மூஞ்சியக் கொண்டுபோயி வைக்கற! ஒடைஞ்சு பறந்துச்சுன்னா கண்ணு போயிரும்! பொறத்தால வா! பொறத்தால வந்து மூடு!"

கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் யாரையும் ஒரு சத்தம் போட்டதில்லை. அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். பின்பக்கமாகப் போனேன்.

"மூடு. மெதுவா. இன்னும். இன்னும் சித்த. அட, அவசரப்படாத! எறங்குது பாரு, காது கேக்கலியா உனக்கு? கொஞ்சம் தெற!"

எனக்கு என்ன கேட்டது? ஒரே இரைச்சல்தான் கேட்டது. அவர் அதற்குள் ஒவ்வொரு நூலையும் பிரித்துக் கேட்டார். என் விரல் போதாது என்று தோன்றியதோ என்னவோ, குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பெஞ்சு அதிர்ந்தது, என் கை அதிர்ந்தது, அவர் கையும் அதிர்ந்தது. எல்லாமே ஆடுகிற இடத்தில் யார் கை நடுங்குகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு கையுமாக முள்ளை ஒரு துளி திருப்பினோம். கொடகொடப்பு நின்றது. ஒரே சுருதியில் கணீரென்று பாட ஆரம்பித்தது.

பக்கத்துத் தோட்டத்தில் மாடு கத்தியது.

கோயம்புத்தூர்க்காரர் எப்போது வந்தார் என்று நாங்கள் பார்க்கவில்லை. டேங்க் தீர்ந்து இஞ்சின் தானாக அடங்கியபோது, களத்து ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், முகத்தில் அப்படி ஓர் ஆசை.

"அருமையா ஓடுதுங்க," என்றார். "அப்ப வண்டியில எடுத்து வச்சுக்கட்டுங்களா?"

என் கணவர் சூடான இஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி ஆடியது. அதை அவர் மறைக்கவில்லை.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார். "இது குடுக்கறதுக்கில்லீங்க."

"போன்ல சொன்னீங்களே?"

"சொன்னனுங்க. அன்னைக்கு இது ஓடலீங்க." துணியைப் பெஞ்சில் வைத்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. தேங்கா வேணா நாலு வண்டியில போட்டுட்டுப் போங்க."

நான் தேங்காய் எடுக்கப் போனேன். நாலு இல்லை, சாக்கு நிறைய அள்ளி அள்ளிப் போட்டேன். அந்த மனிதர் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். என்னால் நிறுத்த முடியவில்லை.